மேல்பெட்டியில் வந்த கேள்விகள்

அருப்புக்கோட்டை
9.6.2025

தம்பி மாதவனுக்கு அக்கா முத்துமாரியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் கிருஷ்ணப்ரியாவும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே உன் உடம்பும் பிரவீணாவின் இடுப்பு வலியும் எப்படி இருக்கின்றன என்று தெரியாமல் மனசு அடித்துக்கொள்கிறது.

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. அய்யனார் கோயிலில் கற்பூரம் அடித்து நீ என்ன சத்தியம் செய்தாய் என்று பூசாரியிடம் கேட்டுவிட்டேன். 'இனி அக்கா வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன், அவகூட வாய் திறந்து பேசமாட்டேன்' என்றாயாம். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையாம். ஆகவே இந்தக் கடிதத்தால் உனக்கு சாமி குத்தம் எதுவும் வராது. வாட்ஸ்அப்பில் வேறு என்னை அடைத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன்.

நிச்சயத்தன்று நடந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உன் பஸ்ஸு வழியில் நின்றுபோனது உன் குற்றமில்லை. ராகுகாலம் வரப்போகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் பறந்தார்கள். தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் உன் மச்சானின் சித்தப்பா மகன் விஜயபாண்டியை நிற்க வைத்துத் தட்டு மாற்றினோம். அது என் குற்றமும் இல்லை. பார், எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன்.

விஷயம் கம்ப்யூட்டர். நம் வத்தல் கடையில் நீ இருந்த காலத்தில் வாங்கி வைத்த அதே கம்ப்யூட்டர்தான். ஆர்டர் வருகிற நம் கடைப் பக்கத்தைத் திறக்க, மேலே நீளமாக இருக்கும் பெட்டியில் அடிக்கிறேன். ஒருநாள் நம் கடை திறக்கிறது. மறுநாள் நம்மை விட்டுவிட்டு ஊரில் இருக்கிற வத்தல் கடை அத்தனையும் வந்து வரிசையில் நிற்கிறது. நேற்று ராஜபாளையத்து நாய்க்குட்டி விற்கிறவன் வந்து நின்றான். நான் விலாசம் சொல்கிறேன், அது நான் ஏதோ கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறது. இது என்ன கூத்து? உன் மச்சானிடம் சொன்னால், "பெட்டி அது பாட்டுக்கு இருக்கு. நீதான் அதைப் போட்டுக் குழப்புற" என்கிறார்.

தை மாதம் கல்யாணம். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் பெண் மணவறைக்கு வரவேண்டும். அதைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை.

கம்ப்யூட்டருக்காவது பதில் எழுது.

உன் அக்கா
முத்துமாரியம்மாள்


திருச்சுழி
28.6.2025

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு மாதவன் எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்களும் மச்சானும் பிள்ளையும் சுகமென அறிந்தேன். இங்கும் சுகம். இடுப்பு வலி பரவாயில்லை. பிரவீணா பதில் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

மேலே இருக்கும் பெட்டிக்கு இரண்டு வேலை. விலாசத்தைச் சரியாக அடித்தால் அந்த இடத்துக்குப் போகும். புள்ளி விட்டுப்போனாலோ, நடுவில் இடம் விழுந்தாலோ, தாங்கள் எதையோ கேட்பதாக எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தேடும். தாங்கள் கடையின் பேரைத் தமிழில் அடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது பேர். விலாசம் வேறு. இங்கிலீஷ் எழுத்தில், புள்ளியோடு, நம் பார்சல் சீட்டின் அடியில் அச்சடித்திருப்பதை அப்படியே அடிக்கவும்.

நிச்சயத்தைப் பற்றித் தாங்கள் எழுதப் போவதில்லை என்று எழுதியதற்கு நானும் பதில் எழுதப் போவதில்லை. பஸ்ஸு நின்ற இடத்திலிருந்து சீர்த்தட்டைத் தலையில் சுமந்துகொண்டு அந்த வெயிலில் நடந்து வந்தேன். வந்து பார்த்தால் தட்டு மாற்றி முடிந்து பந்தி நடக்கிறது. விஜயபாண்டி, "வாங்க, வாங்க, உக்காந்து சாப்பிடுங்க" என்று என்னை உபசரித்தான். என் அக்கா வீட்டில் என்னை!

மச்சானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு
மாதவன்


அருப்புக்கோட்டை
6.7.2025

தம்பி மாதவனுக்கு,

உன் பதிலைப் பார்த்து சந்தோசம். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் 'தாங்கள்' என்று நீ எழுதியதைப் படித்து எனக்குக் காய்ச்சல் வராத குறை. உன் மூக்கைச் சிந்திவிட்டவளுக்கு எதற்குத் தாங்கள்? பேங்குக்காரன் கடிதம் என்று உன் மச்சான் மேசையில் எடுத்து வைத்துவிட்டார்.

நீ சொன்ன மாதிரி சீட்டைப் பார்த்து அடித்தேன். கடை திறந்துவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். ஒரே பெட்டிக்கு எதற்கு இரண்டு வேலை? பார்சல் மூட்டையில் விலாசம் எழுதுகிற இடத்தில் எவனாவது, 'மல்லி நல்லா இருக்குமா?' என்று எழுதுவானா? யார் யோசனை இது?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. முதல் எழுத்தை அடித்ததுமே பெட்டிக்குக் கீழே வரிவரியாகத் தொங்குகிறது. நான் அடிக்காத வரிகள். 'கல்யாண மண்டபம்', 'கம்மம்புல் விலை', இதெல்லாம் சரி. ஆனால் முந்தாநாள் பழைய பழக்கத்தில் தமிழில் 'க' என்று அடித்ததும் ஒன்று வந்தது. 'கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறினால் என்ன ஆகும்.'

எனக்குக் கை நின்றுவிட்டது. இந்த வீட்டில் யார் எதற்குச் சத்தியம் செய்தார்கள்? சாயங்காலம் அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் கிருஷ்ணப்ரியா. கல்யாணத்தை வைத்துக்கொண்டு அவள் யாருக்கு என்ன சத்தியம் செய்து கொடுத்தாள்? மனசு கண்டபடி போகிறது. நீ படித்தவன், இது என்ன என்று சொல்லு. அவளிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வருகிறது.

பிரவீணாவை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லு.

அக்கா


திருச்சுழி
9.7.2025

அக்காவுக்கு,

நலம். நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கடிதம் இன்று காலைதான் வந்தது, உடனே எழுதுகிறேன்.

கிருஷ்ணப்ரியாவிடம் ஒன்றும் கேட்காதே. தயவுசெய்து கேட்காதே. அந்த வரிகள் உன் வீட்டில் யாரும் அடித்தது கிடையாது. மேல்பெட்டியில் நீ ஒரு எழுத்து அடித்ததும் அது வெளியே ஓடிப்போய், உலகத்தில் பல பேர் அந்த எழுத்தில் என்னென்ன கேட்டிருக்கிறார்கள் என்று பொறுக்கிக்கொண்டு வந்து உன் முன்னால் கொட்டும். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிறவர்கள் நாட்டில் ஏராளம். அவர்களில் எவனோ கேட்டிருப்பான்.

நீ கேட்டது நியாயம்தான், விலாசத்துக்கும் கேள்விக்கும் ஒரே பெட்டி இருப்பதால்தான் இந்தக் குழப்பம். இரண்டையும் பிரித்துவிடலாம். வலது பக்க மூலையில் மூன்று கோடு இருக்கும். அதை அமுக்கு. அமைப்புகள் என்று வரும். உள்ளே தேடல் என்ற இடத்துக்குப் போ. தேடுவதற்குத் தனிப் பெட்டி வேண்டும் என்பதில் புள்ளி வை. அதற்குக் கீழே, விலாசப் பெட்டியில் யோசனைகள் காட்டு என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடு. மேல்பெட்டியில் விலாசத்தை மட்டும் அடி. எதையாவது கேட்கவேண்டுமானால் பக்கத்தில் வரும் சின்னப் பெட்டியில் கேள். அதற்குப் பிறகு உலகத்தார் கேள்வி எதுவும் மேல்பெட்டிக்கு வராது. உன் மனசுக்கும் நிம்மதி.

பிள்ளையைச் சந்தேகப்படாதே. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

மாதவன்


அருப்புக்கோட்டை
24.8.2025

தம்பி மாதவனுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் நலமாக இருங்கள்.

பதில் எழுத ஏன் இத்தனை நாள் என்று கேட்காதே. நீ எழுதிய மூன்று கோட்டைக் கண்டுபிடிக்கவே எனக்கு நாள் பிடித்தது. கிருஷ்ணப்ரியாவைக் கூப்பிடவும் மனசில்லை. கடைசியில் நானே உட்கார்ந்து உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். பக்கத்தில் சின்னப் பெட்டி வந்துவிட்டது. இப்போது விலாசம் விலாசமாக இருக்கிறது, கேள்வி கேள்வியாக இருக்கிறது. ரயிலடியில் ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை மாதிரி சுத்தமாக இருக்கிறது.

ஆனால் தம்பி, நீ சொன்னபடி உலகத்தார் கேட்டதெல்லாம் போய்விட்டது. பூதக்கண்ணாடிப் படம் போட்ட வரி ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருப்பது பக்கத்தில் சின்னக் கடிகாரம் போட்ட வரிகள். அந்தக் கடிகாரம் என்ன என்று பாளையம்பட்டியில் மொபைல் கடை வைத்திருக்கும் பையனிடம் விசாரித்தேன். "அது உங்க கணக்குல நீங்களே முன்னாடி போட்டுப் பாத்ததும்மா" என்றான். கற்பூரச் சத்தியம் அந்தக் கடிகாரத்தோடுதான் நிற்கிறது. உலகத்தில் எவனோ கேட்டதில்லை. நம் வீட்டில் கேட்டதுதான்.

அதோடு நிற்கவில்லை. புதிதாக ஒன்று: 'கல்யாணத்தன்று வெளியூர் போக என்ன காரணம் சொல்லலாம்.' 'ம' என்று அடித்துப் பார்த்தால்: 'மதுரையிலிருந்து சென்னை ரயில் தை மாதம்.'

 பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டேன். "யாருடி அவன்? எங்க போகப் போற?" என்றேன். அவள் என்னைப் பார்த்து முழிக்கிறாள். "எவன்மா? நான் எங்க போறேன்?" என்கிறாள். வரிகளைக் காட்டினேன். "இதை நான் அடிக்கலை" என்று ஒரே சாதிப்பு. "நீயும் அடிக்கலை, நானும் அடிக்கலை, உங்கப்பாவுக்கு ஸ்டார்ட் பண்ணவே தெரியாது, அப்ப ஆவியா வந்து அடிச்சது?" என்று கேட்டேன். போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை மாதவா. அவளுக்கு மாப்பிள்ளைப் பையன் ஜெயக்குமாரைப் பிடித்திருக்கிறது என்றுதானே இருந்தேன். நீ சொல்லு, நான் என்ன செய்யட்டும்?

அக்கா


திருச்சுழி
15.10.2025

அக்காவுக்கு,

நலம். மச்சானுக்கும் உனக்கும் நலம் வேண்டுகிறேன்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் சரக்கு வரத்து அதிகம். இந்தப் பக்கம் இன்னும் மழை இல்லை. விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே தூறியது என்று கேள்விப்பட்டேன். நல்லது.

கம்ப்யூட்டரைக் கொஞ்ச நாள் மூடி வையேன். ஆர்டரை மச்சான் போனில் எழுதிக்கொள்ளட்டும். அல்லது அதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கிவிடு, நான் வந்து, இல்லை, நான் வரமுடியாது, ஆள் அனுப்பி எல்லாம் புதிதாக அமைத்துத் தரச் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டர்கள் சில சமயம் இப்படிச் செய்யும்.

கிருஷ்ணப்ரியாவின் போனைக் கொடுத்துவிடு. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இதற்கு மேல் எழுதவேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதி எழுதி அடித்ததால் இது மூன்றாவது தாள். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

பிரவீணா உன்னை விசாரித்தாள்.

மாதவன்


அருப்புக்கோட்டை
2.11.2025

அன்பு மாமாவுக்கு,

கிருஷ்ணப்ரியா எழுதுகிறேன். அத்தை நலமா? நான் நலம் என்று எழுதத்தான் ஆசை.

போன் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. திருச்சுழிக்குப் போகும் லோடு வேன் டிரைவர் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் உங்கள் கையில்தான் கொடுப்பார்.

மாமா, நான் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்தக் கேள்விகள் உங்களுடையதுதானே? நீங்கள் தனிக்கடை வைத்துத் திருச்சுழிக்குப் போனபோது, இந்தக் கடைக் கம்ப்யூட்டரில் எந்தக் கணக்கில் உள்ளே போனீர்களோ அதே கணக்கில்தான் அங்கேயும் போயிருக்கிறீர்கள். கடை ரெண்டாகப் பிரிந்தது, கணக்கு பிரியவில்லை. நீங்கள் அங்கே மேல்பெட்டியில் எதை அடித்தாலும் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்களுக்கும் பழக்கம், விலாசத்தையும் அங்கேதான் அடிப்பீர்கள், மனசில் இருப்பதையும் அங்கேதான் கேட்பீர்கள். அம்மாவின் கடிதத்தைப் பார்த்த பிறகு உங்களுக்கும் இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "தப்பிக்கப் பாக்கிறியா? ஒன்ன மடியில போட்டு வளத்த மாமன் மேலயே பழியத் தூக்கிப் போடுறியா?" என்று அழுகிறாள். நான் பேசப் பேச அவளுக்குச் சந்தேகம்தான் கூடுகிறது.

எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது மாமா. பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். அதில் நீங்களும் வேண்டும். சத்தியத்தை முறிக்க வழி தேடிய ஆள், வராமல் இருக்கவும் வழி தேடியிருக்கிறீர்கள். ரெண்டையும் படித்து நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தேன்.

அம்மாவிடம் நீங்கள்தான் சொல்லவேண்டும். கூச்சமாக இருக்கும். இருந்தாலும் சொல்லுங்கள்.

உங்கள்
கிருஷ்ணப்ரியா


அருப்புக்கோட்டை
4.12.2025

தம்பி மாதவனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். என் உடம்பைப் பற்றிக் கேட்காதே.

அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்றாய். ஒன்றும் வரவில்லை. தினமும் தபால்காரரின் சைக்கிளைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறேன். நீ என்ன எழுதுவதாக இருந்தாய் என்று யோசித்து யோசித்து, கிருஷ்ணப்ரியாவைப் பற்றி உனக்கு ஏதோ தெரியும், என்னிடம் சொல்லத்தான் உனக்கு வாய் வரவில்லை என்று முடிவுக்கு வந்துவிட்டேன்.

நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன். வருகிற பதினொன்றாம் தேதி காலையில் மாப்பிள்ளை வீட்டார் பத்திரிகை அடிக்கக் கொடுப்பது பற்றிப் பேச வருகிறார்கள். அவர்களிடம், நிறுத்திக்கொள்வோம் என்று சொல்லப் போகிறேன். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உன் மச்சான் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். அதற்காக மனசில்லாத பிள்ளையை நான் மணவறைக்குத் தள்ளமாட்டேன். அவள் வாயால் சொல்லப் பயப்பட்டு அந்தப் பெட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறாளே, அதை நினைத்தால்தான் நெஞ்சு வெடிக்கிறது. பெற்ற தாயிடம் கேட்கமுடியாததைக் கம்ப்யூட்டரிடம் கேட்கும்படியா நான் இருந்தேன்?

நேற்று இன்னொரு வரி வந்தது. 'தாய்மாமன் எடுக்கும் பட்டு மாம்பழக் கலரா அரக்கா.' இதைப் பார்த்து இன்னும் குழம்பிப் போனேன். ஓட நினைக்கிறவள் மாமன் பட்டைப் பற்றி எதற்குக் கேட்கிறாள்? ஒருவேளை நீ வராததை நினைத்து ஏங்குகிறாளோ? இந்தப் பிள்ளைக்கு என்னதான் வேண்டும்? எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அவளைக் காப்பாற்றுவதற்காக நீயோ பிரவீணாவோ ஏதாவது கதை கட்டினால் நான் கேட்கமாட்டேன். மனிதர்கள் பொய் சொல்வார்கள். அந்தப் பெட்டிக்கு என்ன லாபம், அது உள்ளதைத்தான் காட்டுகிறது.

அக்கா


திருச்சுழி
10.12.2025

அக்கா,

நீ நன்றாக இருக்கவேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மழையில் தபால் தங்கி, உன் கடிதம் இன்று சாயங்காலம்தான் கைக்கு வந்தது. விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் உன் வீட்டில் இருப்பார்கள். இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பிரவீணா, "எங்கிட்ட போனைக் குடுங்க, நான் மதினிகிட்ட பேசுறேன்" என்றாள். கொடுக்கவில்லை. கதை கட்டுகிறோம் என்று நீ போனை வைத்துவிடுவாய். மனிதர்களை நம்பமாட்டேன், பெட்டியைத்தான் நம்புவேன் என்று எழுதிவிட்டாய். ஆகவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். நீ காலையில் கடை திறந்ததும் ஆர்டர் பார்ப்பாய். அதற்கு விலாசத்தின் முதல் எழுத்துகளை இங்கிலீஷில் அடிப்பாய். அதே எழுத்துகளை மேல்பெட்டியில் அடித்து, அதோடு சேர்த்துத் தமிழில் நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். ஒரு தடவை அடித்தால் கீழே போய்விடுமோ என்று திரும்பத் திரும்ப அடித்தேன்.  அந்த இடத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன், பதில் சொல்வது இன்றுதான்.

அக்கா, நான் ஆகஸ்டிலேயே புரிந்துகொண்டேன். உன் கடிதத்தில் அந்த ரயிலைப் படித்த அன்றைக்கே. அதற்குப் பிறகும் பட்டுக் கலரை அதே பெட்டியில் கேட்டது பழக்க தோஷம். சொல்லியிருக்கவேண்டும். சத்தியம் செய்துவிட்டு ஒரு மாதத்துக்குள் அதை முறிக்க வழி தேடியவன் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கத்தில் பிள்ளையைத் தவிக்கவிட்டுவிட்டேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

காலையில் நீ ஆர்டர் பார்க்க மறந்துவிடக்கூடாது என்று அய்யனாரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

மாதவன்


அருப்புக்கோட்டை
14.12.2025

என் தம்பி மாதவனுக்கு,

எல்லோரும் சுகம். உன் மச்சான் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். பிரவீணாவிடம் இந்த வரியை வாசித்துக் காட்டு: இடுப்பு வலியோடு உன்னையும் வைத்துச் சமாளிக்கிறாளே, அவள் நூறு வருசம் இருக்கவேண்டும்.

அன்றைக்கு நடந்ததைக் கேள். மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். காப்பி கொடுத்தேன். கிருஷ்ணப்ரியா அடுப்படி வாசலில் நிற்கிறாள், அழுது முகம் வீங்கிக் கிடக்கிறது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு முன்னால்தானே கடை, ஒரு ஆர்டர் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். ஆர்டர் எங்கே பார்க்க, அவர்கள் முன்னால் அழக்கூடாது என்றுதான் போனேன். கை தன்னால் பழக்கத்தில் அடித்தது. விலாசம் வருவதற்கு முன்னால் நீ வந்து நின்றாய்.

'அக்கா அதெல்லாம் நான் கேட்டது. பிள்ளை இல்லை. மாதவன்.' கடிகாரம் போட்டு, முன்னால் நம் விலாசத்தின் இங்கிலீஷ் எழுத்துகளோடு. அதற்குக் கீழே அதுவே. அதற்குக் கீழேயும் அதுவே. ஒன்றில் அக்காவுக்கு ஒரு 'க்' குறைந்திருந்தது.

நான் சத்தம்போட்டு அழுதுவிட்டேனடா. எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மாள் எனக்கு ஏதோ வந்துவிட்டது என்று தண்ணீர் தெளிக்கிறாள். கிருஷ்ணப்ரியா என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "இதைத்தானம்மா நான் ரெண்டு மாசமா சொல்றேன்" என்று அவளும் அழுகிறாள். விவரம் கேட்டு மாப்பிள்ளையின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அவுக மாமன் வராம தாலி கட்டக்கூடாதுன்னு நாங்களே சொல்லிடுறோம்" என்றார். நிச்சயத்தன்று அவசரப்படுத்தியது அவர்கள் பக்கம்தான் என்று உனக்குச் சொல்லச் சொன்னார். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. தாய்மாமன் என்ற இடத்தில் உன் பேர் இருக்கிறது.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். போனைக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு என்னை இன்னும் முறைக்கிறாள். முறைக்கட்டும், அந்த உரிமை அவளுக்கு உண்டு. உன்னையும் முறைப்பாள், தயாராக வா.

அந்தக் கணக்கைப் பிரித்துத் தரட்டுமா என்று பாளையம்பட்டிப் பையன் கேட்டான். வேண்டாம் என்றுவிட்டேன். விலாசத்தையும் கேள்வியையும் பிரித்தது சரி, அது அப்படியே இருக்கட்டும். நம் கணக்கு ஒன்றாகவே கிடக்கட்டும். ஆனால் நீ இனி அங்கே எதையாவது கேட்கும்போது யோசித்துக் கேள். நேற்று வந்த 'வழுக்கைக்கு வெங்காயச் சாறு' உன்னுடையதுதான் என்று உன் மச்சான் அடித்துச் சொல்கிறார்.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: மாம்பழக் கலர். அரக்குக் கரை. பிள்ளையிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இனி அந்த சத்தியம். பூசாரியிடம் மறுபடி போய்க் கேட்டேன். கற்பூரம் அடித்ததை லேசில் எடுக்கமுடியாது, தை முடியட்டும், அக்கா தம்பி இரண்டு பேரும் சேர்ந்து வந்து சாமியிடம் சொல்லுங்கள் என்கிறார். அதுவரை அது உன் மேல் இருக்கும். இருந்தால் என்ன? கல்யாணம் மண்டபத்தில். அது என் வீட்டு வாசல் இல்லை. பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டி வருகிற மாமனுக்கு வாயால் ஆகவேண்டிய வேலை ஒன்றும் கிடையாது. பட்டைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் நாளே பஸ்ஸு ஏறு, வாயைத் திறக்காமல் வந்து பிள்ளை பக்கத்தில் நில்லு. அழுகை வந்தால் அடக்காதே. அழமாட்டேன் என்று நீ சத்தியம் செய்யவில்லை. அதையும் பூசாரியிடம் கேட்டுவிட்டேன்.

உன் அக்கா
முத்துமாரியம்மாள்